பெண்கள் பெட்டியில் எண்ணிய கைகள்

1

இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான் எனக்கு இலவசமாகக் கிடைத்தது. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் யாரோ ஒரு பெண் சொன்னது: “பகல்ல எங்க வார்டே பெங்களூர்ல கீது. கூட்டத்த அங்க வந்து வெச்சிக்கச் சொல்லு.” முகத்தை நான் பார்க்கவில்லை. மீதியெல்லாம் நானே கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘உள்ளாட்சியில் மக்கள் பங்கேற்பு என்பது’. அதற்குமேல் ஓடவில்லை, அடித்துவிட்டேன். அடுத்து, எட்மண்ட் என்று ஓய்வுபெற்ற ஒருவரை வைத்து எழுதினேன். வார்டு கூட்டத்துக்குப் போக அவருக்கு நேரம் இருந்தது. அதனாலேயே கதை நகரவில்லை. அவரை அனுப்பிவிட்டு, நேரம் இல்லாத ஒருத்தியைத் தேடினேன்.

2

ஞானசுந்தரிக்கு நாற்பத்தேழு வயது. நந்திதுர்க் பக்கம் தங்கச் சுரங்கக்காரர்களுக்கு என்று வெள்ளைக்காரன் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். பெங்களூரில் ஓர் ஆபீஸில் துப்புரவு வேலை. நாலரைக்கு வீட்டை விட்டால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். லைனில் பாதிப் பேர் அப்படித்தான்.

லைனுக்குப் பொதுவான கக்கூஸில் எட்டு அறைகள். இரண்டுக்குத்தான் கதவு. பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் மமதாவுக்கு இது எட்டாம் மாதம்.

வருஷத்துக்கு ஒருமுறை வார்டு கூட்டம் நடக்கும். லைனுக்கு ஒரு வேலை என்று மக்களே சொல்ல வேண்டும். அது திட்டத்தில் ஏறும். இந்த வருஷம் புதன்கிழமை, காலை பதினொரு மணி.

கூட்டக் குறிப்பு எழுதும் நேத்ராவுக்கு ஞானசுந்தரி போன் செய்தாள்.

“ஞாயித்துக்கிழமை வெச்சா நாங்கல்லாம் வருவோம்மா.”

“ஆகல்லா அக்கா, முடியாது, நோட்டீஸ் ஒட்டியாச்சு. நீங்க ஒருத்தராவது வாங்க.”

(நேத்ராவைக் கெட்டவளாக எழுத ஆசைப்பட்டேன். வசதியாக இருந்திருக்கும். அவள் ஒத்துழைக்கவில்லை.)

3

ஞானசுந்தரி ஒருநாள் லீவு சொன்னாள். அதற்கு முன் திங்கட்கிழமை, பெண்கள் பெட்டியில் எழுந்து நின்று கேட்டாள். பங்காரப்பேட்டை வந்தால் வெளியாட்கள் ஏறிவிடுவார்கள். அதற்குள் முடிக்க வேண்டும்.

“நம்ம லைனுக்கு ஒண்ணுதான் எழுதுவாங்களாம். கக்கூஸ் கதவு கேக்கலாமா?”

எதிர் சீட்டில் இருந்த ஜெயம்மா, அவள் பக்கத்து வீட்டுக்காரி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: “லைட்டு கேளு. தெனம் அந்த சுரங்கத்து சயனைடு மண்ணு மேட்டோரம் கும்மிருட்டுல வர்றோம். போன மாசம் மரியாவ ஒருத்தன் கையப் புடிச்சி இழுத்தான். மறந்துட்டியா?”

“மறக்கலக்கா. ஆனா வீட்ல இருக்கறவங்க இன்னா பண்ணுவாங்க?”

“வீட்ல இருக்கறவங்க வந்து கேக்கட்டும்.”

ஞானசுந்தரி கை தூக்கச் சொன்னாள். ஆடுகிற பெட்டியில் கம்பியைப் பிடித்த கை எது, தூக்கிய கை எது என்று குழப்பம். இரண்டு முறை எண்ணினாள். லைட்டுக்கு முப்பத்தொன்று. கதவுக்கு இருபத்திரண்டு, அதில் ஒன்று அவளுடையது. ஒரு தாளில் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினாள்.

என் பழைய பிரதியில் இந்த இடத்தில் அவள் எண்ணிக்கையை மாற்றி எழுதுவாள். எனக்கே நம்பிக்கை வராததால் கிழித்துவிட்டேன்.

4

புதன்கிழமை கூட்டத்தில் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் பென்ஷன்காரர்கள். அவள் லைனிலிருந்து வேறு ஒருவரும் இல்லை. தலைமை ராஜேந்திரன், கனரக எந்திரத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“ரயில்ல எழுதுனது செல்லாதும்மா. சபை வார்டுக்குள்ள நடக்கணும்.”

“அம்பத்தி மூணு பேரு சார்.”

“இருக்கட்டும். இங்க வந்தது நீங்க ஒருத்தர். உங்க லைனுக்கு இன்னா வேணுமோ நீங்களே சொல்லுங்க, எழுதிக்கலாம்.”

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவளும்தான். அதிகாரத்தைப் பரவலாக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் அது இப்படி ஒருத்தியின் நாக்கில் வந்து நிற்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவள் ‘கதவு’ என்றால் ஏன் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ரயிலில் போய், “அவங்களே அப்படி எழுதிக்கினாங்க” என்றால் முடிந்தது. ஜெயம்மா நாலு நாள் திட்டுவாள். குழந்தை பிறந்ததும் அவளே பார்க்க வருவாள்.

“சொல்லுங்கக்கா,” என்றாள் நேத்ரா, பேனாவோடு.

ஞானசுந்தரி மமதாவை நினைத்தாள். தாளை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“லைட்டு,” என்றாள். “ஸ்டேஷன் போற வழிக்கு.”

நேத்ரா கன்னடத்தில் எழுதினாள்: பீதி தீப.*

“வேற ஒண்ணு சேர்க்க முடியுமாம்மா?”

“ஒந்தே அக்கா. ஒண்ணுதான்.”

* கன்னடத்தில் பீதி என்றால் தெரு. தமிழ்ப் பொருளும் பொருந்துவது என் திறமை அல்ல.

5

மத்தியானம் வீடு திரும்பினாள். ஆட்டோவில் வந்திருக்கலாம், நடந்தாள்.

மமதா வாசலில் இருந்தாள். “எழுதிக்கினாங்களாம்மா?”

“லைட்டுதாம்மா சொன்னேன். அவங்க முப்பத்தொரு பேரு.”

மமதா எழுந்தாள். உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு குடித்தாள். இன்னொரு சொம்பும் குடித்தாள். பகலில் கூடவந்து காவல் நிற்க ஆள் இல்லாததால், அம்மா வேலைக்குப் போகும் நாட்களில் அவள் தண்ணீரே குடிப்பதில்லை என்பது ஞானசுந்தரிக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கும் இந்த வரியை எழுதும்போதுதான் தெரிந்தது.

வேறு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் நேத்ரா யாருக்கும் தெரியாமல் கதவையும் சேர்த்து எழுதுகிறாள். இன்னொன்றில் பெட்டியில் இருக்கும் பெண்கள் கூடிப் பேசி முறைவைத்து லீவு போட்டு மமதாவுக்குக் காவலாக… வேண்டாம். இரண்டும் என் மனசாட்சிக்காக எழுதியவை.

அடுத்த நாள் வியாழக்கிழமை. ஞானசுந்தரிக்கு லீவு இல்லை. அந்த நாளை நான் எழுதப்போவதில்லை. ரயில் ஐந்தரைக்கு; பெட்டியில் உங்களுக்கும் இடம் இருக்கும்.