முதுகுக்குப் பின்னால் நீதிமன்றம்

யூனிவர்சிற்றி அவெனியூவில் ஒரு பக்கம் அமெரிக்கத் துணைத்தூதரகம், எதிர்ப்பக்கம் நீதிமன்றம். இரண்டாயிரத்து ஒன்பது சித்திரை முழுக்க ரொறன்ரோத் தமிழ்ச் சனம் நீதிமன்றத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூதரகத்தைப் பார்த்துத்தான், ஊரில் நடந்த சண்டையை நிறுத்தச் சொல்லிக் கத்தியது. யாரும் யோசித்துச் செய்ததல்ல. கெஞ்சுவதென்றால் பெரிய ஆளைப் பார்த்துக் கெஞ்சவேண்டும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. மங்கையற்கரசியும் அந்தக் கூட்டத்தில் நின்று தொண்டை கட்டிப்போனவள்தான்.

வைகாசி நடுவில் சண்டை முடிந்தது. கத்த ஒன்றும் மிஞ்சவில்லை. அவளுக்கு மட்டும் தம்பி ஸ்ரீதரன் மிஞ்சியிருந்தான். கிளிநொச்சியில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தவனைக் கடைசி மாதங்களில் இயக்கம் இழுத்துக்கொண்டு போனது. முடிவில் அவன் கையைத் தூக்கிக்கொண்டு ஆமியிடம் போனான். அவனை பஸ்ஸில் ஏற்றியதை மனைவி புனிதவதி தன் கண்ணால் கண்டாள். அந்த பஸ் எங்கே போனதென்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

புனிதவதி வவுனியா முகாமிலிருந்து, யாரோ ஒளித்து வைத்திருந்த போனில், ரொறன்ரோ வோபர்னிலுள்ள மச்சாள் மங்கையற்கரசிக்கு எடுத்தாள். கொழும்பில் ஒரு வழக்கறிஞர் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று சொல்லியனுப்பினாராம். கண்ட சாட்சி இருப்பதால், பிடித்தவர்கள் ஆளைக் கொண்டுவந்து நீதிபதிக்கு முன்னால் நிறுத்தவேண்டும் என்று கேட்கலாம். ஆனால் பெயரையும் இடத்தையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். போடட்டுமா என்று அவள் மூத்த மச்சாளிடம் உத்தரவு கேட்டாள்.

மங்கையற்கரசி நேரே விநாயகமூர்த்தி அண்ணையிடம் ஓடினாள். ஸ்காபரோவில் செத்தவீட்டு மண்டபத்திலிருந்து பாஸ்போட்டுவரை எல்லா அலுவலுக்கும் அவரிடம் ஆள் இருக்கும். இதற்கும் இருந்தது. அவருக்குத் தெரிந்த ஒருவருக்குக் கொழும்பில் ஒரு ஆமிக் கேணலைத் தெரியுமாம்.

"கோடு கச்சேரி எண்டு போனால் ஆளை முடிச்சுப்போடுவாங்கள், தங்கச்சி. பேர் வெளியிலை வரப்படாது. ஆரும் கேட்டால் ஷெல்லிலை செத்திட்டான் எண்டு சொல்லச் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

எங்கள் ஆட்களின் பெரிய வியாதி இது. முன்வாசல் திறந்து கிடந்தாலும், உள்ளே யாரைத் தெரியும் என்று விசாரித்துப் பின்பக்கத்தால்தான் போவோம். மங்கையற்கரசிக்கு அவர் பேச்சு தைரியத்தைத் தந்தது. அடுத்த முறை புனிதவதி எடுத்தபோது அதை அப்படியே ஒப்புவித்தாள். மனு வேண்டாம், வாயைத் திறக்காதே என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் மகள் நிலக்சி குசினி மேசைக்குக் கடதாசிகளைக் கொண்டுவந்து, தன்னிடம் கேள்வி கேட்கச் சொன்னாள். சிவிக்ஸ் ரெஸ்ற்றாம். கனடாவில் பத்தாம் வகுப்பில் அரைப் பாடம் அது. பிள்ளைகள் அதை நித்திரை கொள்ளும் பாடம் என்றுதான் சொல்வார்கள். நாங்களும் திறமில்லை. ஊரில் குடியியல் என்று தனியாக இருந்த பாடத்தைச் சமூகக் கல்விக்குள் ஒரு மூலையில் தள்ளியபோது ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை.

கடதாசியில் மக்னா காட்டா என்று இருந்தது, இங்கிலாந்து அரசனின் கையைக் கட்டிய பழைய சாசனம். மங்கையற்கரசிக்குப் படிக்கவே தேவைப்படவில்லை. ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து, ஜோன் அரசன், ஆற்றங்கரைப் புல்வெளி. ஊரில் சுண்டுக்குளிப் பள்ளிக்கூடத்தில் வகுப்பிலேயே கூடிய மார்க்ஸ் எடுத்த பாடம். அடுப்பில் மீன்குழம்பைத் துழாவியபடி கடகடவென்று சொல்லிக்கொண்டு போனாள்.

"எந்தச் சுதந்திர மனிதனும், தன்னை ஒத்தவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இன்றிப் பிடிக்கப்படவோ, சிறை வைக்கப்படவோ..."

அகப்பை நின்றுவிட்டது. பிடிக்கப்படவோ. இத்தனை வருடம் பரீட்சை விடையாக மட்டும் கிடந்த சொல்லுக்கு இப்போது தம்பியின் முகம் வந்தது. ஆளைப் பிடித்தவன் அரசனானாலும் ஆள் எங்கே என்று கேட்கலாம் என்ற துணிவு, அந்தச் சாசனம் எழுதிய பழைய ஆட்டுத்தோலிலிருந்துதான் வளர்ந்தது. வெள்ளைக்காரனோடு கப்பலேறி யாழ்ப்பாணத்து நீதிமன்றத்துக்கும் வந்தது. அந்த வழக்கறிஞர் நீட்டியதும் அதைத்தான்.

"அம்மா, உது ரெஸ்ற்றிலை வராது," என்றாள் நிலக்சி. "வருசம் மட்டும்தான். இற்ஸ் மல்ரிப்பிள் சொய்ஸ்."

முகாமுக்கு இங்கிருந்து எடுக்க வழியில்லை. புனிதவதி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். மங்கையற்கரசி வேலைக்குப் போகாமல் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இரண்டு தடவை விநாயகமூர்த்தி அண்ணைக்கு எடுத்துப் பார்த்தாள். கேணல் லீவில் போய்விட்டாராம். கடவுளே, அவளை எடுக்க வை என்று அழுதாள்.

ஒருநாள் காலை புனிதவதி எடுத்தாள். மங்கையற்கரசி அவளைப் பேசவே விடவில்லை. மனுவைப் போடு, பெயரைச் சொல்லு, பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டேன் என்று சொல்லு என்று மூச்சுவிடாமல் கொட்டினாள்.

"மச்சாள், ஆமி முகாமிலை ஆக்களைப் பதிய வந்தது," என்றாள் புனிதவதி. "அவர் எங்கை எண்டு கேட்டவங்கள். நீங்கள் சொன்னபடி ஷெல்லிலை செத்திட்டார் எண்டு சொல்லிப்போட்டன். எழுதினவங்கள். நான் கையெழுத்தும் வைச்சிட்டன்."

"பயத்திலை சொன்னனான் எண்டு மாத்திச் சொல்லு, புனிதம்."

"மாத்தினால் பொய் சொன்னவள் எண்டு என்னையும் கொண்டுபோவாங்கள். பிள்ளையை ஆர் பாக்கிறது? செத்திட்டார் எண்டு நானே சொன்ன ஆளை, கொண்டுவா எண்டு எந்தக் கோட்டிலை கேக்கிறது?"

யாரோ போனைத் திருப்பிக் கேட்கும் சத்தம் வந்தது. புனிதவதி கொடுக்கவில்லை. கோபமில்லாத, களைத்த குரலில் ஒன்றை மட்டும் கேட்டாள்.

"உப்பிடிக் கேக்க உரிமை இருக்கெண்டு உங்களுக்கு எப்ப மச்சாள் தெரியும்?"

மங்கையற்கரசி பொய் சொல்லவில்லை.

"பத்தாம் வகுப்பிலை," என்றாள். "பாடமாக்கினனான்."