இரண்டு டிகிரி கோணல்

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. என் கணவர் தட்டைப் பார்த்தபடியே, "இன்னைக்கு ஒரு போட்டோ பொய்னு வந்துச்சு" என்றார். அவருக்கு அது ஆய்வகச் செய்தி. கதை எழுதுகிறவளைக் கட்டிக்கொண்டவர் வாயை அடக்கியிருக்க வேண்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஒளிக்கும் இருளுக்கும் நடுவே ஒரு மெல்லிய—

சீ. ஒருவனுக்கு மூன்று விரல் போயிருக்கிறது. அங்கே போய் ஒளி, இருள் என்று சிங்காரிக்க எனக்கே பொறுக்கவில்லை.

2

நேராகவே சொல்கிறேன். ஒரு தொழிற்சாலை, அதில் தகடு அழுத்தும் இயந்திரம். கையை உள்ளே விடாமல் தடுக்க அதற்கு ஒரு கம்பி வலை உண்டு. அன்று அந்த வலையே இல்லை என்கிறான் விரல் போனவன். வலை இருந்தது, அவனே கழற்றினான் என்கிறது நிர்வாகம். விசாரணையில் நிர்வாகம் ஜெயித்தால் வேலையும் போகும், இழப்பீடும் கிடையாது, தன் கையைத் தானே கெடுத்துக்கொண்டவன் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

இயந்திரத்துக்கு மேலே ஒரு கேமரா. அது எடுக்கும் படத்தை லேசர் ஒளியில் ஏற்றி, இரண்டு சொரசொரப்பான கண்ணாடிகள் வழியாக அனுப்பிக் கலைத்துச் சேமிக்கிறார்கள். பார்த்தால் உப்பைக் கொட்டியது போல வெறும் புள்ளிகள். அந்தப் புள்ளிகளிலும் கொஞ்சத்தைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். அதனால் அதே கண்ணாடிகளைக் கொண்டு திறந்தாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வேறொரு படத்தை அதோடு ஒப்பிட்டால், இரண்டும் ஒன்றாக இருக்கும்போது திரையில் ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி எழுந்து நிற்கும். இல்லையென்றால் எழாது. ஆமாம், இல்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.*

* முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இவ்வளவு படிப்பு வேண்டியிருக்கிறது.

ஒப்பிட்டு அறிக்கை தருகிறவர் என் கணவர்.

3

படத்தைக் கொடுத்தது அந்தத் தொழிலாளியின் அக்கா. கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஒருவர், படம் கலைக்கப்படுவதற்கு முன்பே பிரதி எடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தார். அதில் வலை இல்லை. ஒப்பிட்டபோது புள்ளி எழவில்லை. படம் பொருந்தவில்லை என்று அறிக்கை போய்விட்டது.

(முதல் பிரதியில் அக்காவை அழவைத்தேன். என் கணவர் படித்துவிட்டு, "அந்தம்மா அழவே இல்ல" என்றார். சரி, அழவில்லை.)

அவள் ஆய்வகத்துக்கே வந்து கேட்டது இதுதான்: "சார், படம் கொஞ்சம் கோணலா இருந்துச்சு. பெரியவங்க பாக்கப்போறது, லட்சணமா இருக்கட்டும்னு போன்லயே நேராக்கினேன். அதனால ஏதாவது ஆயிருக்குமா?"

"பழைய படம் இருக்கா?"

"அது மேலயே சேவ் பண்ணிட்டேன் சார். அனுப்புனவரும் பயந்துபோய் அழிச்சுட்டாரு."

கேமராவையே கோணலாகத்தான் மாட்டியிருந்தார்கள். படம் இரண்டு டிகிரி திரும்பினால் போதும், புள்ளி எழாது. இதை என்னிடம் விளக்கியவரும் என் கணவர்தான்.

"அப்போ திரும்பக் கோணலாக்கிப் பாத்திருக்கலாமே?" என்றேன்.

"கொடுத்ததைக் கொடுத்தபடி பாக்கணும். நானே திருத்தினா நாளைக்கு என் பேரு கெட்டுப்போகும்."

"உங்க பேருக்கு ஒண்ணும் ஆகாது. அவன் கைதான் போயிருக்கு."

அவர் எழுந்துபோய்க் கை கழுவினார். பத்து விரலுக்கும் சோப்புப் போட்டார்.

4

முடிவு அ: மறுநாள் அவர் படத்தைத் திருப்பிப் பார்க்கிறார், புள்ளி எழுகிறது, விசாரணை அறைக்கு ஓடி— எழுதும்போதே கை கூசியது. இவர் கல்யாணமான நாளிலிருந்து பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை.

முடிவு ஆ: திருப்பியும் எழவில்லை. அக்கா ஏமாற்றுக்காரி. எல்லோருக்கும் நிம்மதி.

இதைப் படித்துவிட்டு அவர், "இது நல்லாருக்கு. இதையே வெச்சிடு" என்றார்.

நான் எழுதிய எதையும் இவர் நல்லாருக்கு என்று சொன்னதே கிடையாது. எனக்குச் சுருக்கென்றது.

"நீங்க திருப்பிப் பாத்தீங்களா?"

அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார்.

"உங்களைத்தான் கேக்கிறேன்."

"பாத்தேன். அறிக்கை போனப்புறம்."

"புள்ளி?"

"வந்துச்சு" என்றார். "நல்லாவே வந்துச்சு."

5

கோழை என்று நினைத்துத்தான் இவரை இதுவரை எழுதினேன். தெரியாமல் பயந்தவன் கோழை. தெரிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவனுக்கு என்ன சொல் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. 

"விசாரணை வியாழக்கிழமைதானே? இன்னொரு அறிக்கை கொடுங்க."

"முதல்லயே ஏன் பாக்கலைனு என்னைக் கேப்பாங்க." பிரஷை எடுத்துக்கொண்டே, "அதான் கதையா எழுதிட்டியே, விடு" என்றார்.

கதையாக எழுதிவிட்டால் தீர்ந்துவிடுமாம். நானும் அப்படித்தானே நினைத்திருக்கிறேன்? இல்லையென்றால் அந்த அக்காவைத் தேடிப் போகாமல், உட்கார்ந்து முடிவுக்கு அ, ஆ போட்டுக்கொண்டிருப்பேனா? நானும் லட்சணமாக இருக்கட்டும் என்று வரிவரியாக நேராக்கிக்கொண்டிருந்தேன்.

முடிவு இ:

அதை எழுத மாட்டேன். அவர் உள்ளே பல் துலக்குகிறார். அவர் போனிலிருந்து ஒரு நம்பரை எடுத்துவிட்டேன். விட்ட வரி, அடித்த வரி எல்லாவற்றோடும் இந்தப் பிரதி அப்படியே அந்த நம்பருக்குப் போகிறது. இதை முதலில் வாசிக்கிறவர் நீங்கள்தான் அக்கா. நான்காம் பகுதியில் அவர் சொன்ன "வந்துச்சு" என் கற்பனை இல்லை. வியாழக்கிழமை இதைக் காட்டுங்கள். கதைதானே என்பார்கள். எழுதினவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிட்டுக் கேளுங்கள் என்று சொல்லுங்கள்.