ஏழு பேர் பிடிச்ச கயிறு

எங்க ஸ்கூல் கேண்டீன்ல கோச்சுங்க நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தா சண்டைதான். யாரோட விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கிறது ரொம்பக் கஷ்டம்னு. ஃபுட்பால் தயானந்தன் சார், பையன்களைக்கூட மேய்ச்சிடலாம், கோட்டுக்கு வெளியே நின்னு கத்துற அவனுங்க அப்பாமாரை மேய்க்க முடியலம்பாரு. பேட்மிண்டன் டீச்சருக்கு அம்மாமாரு தொல்லை. செஸ் பாத்துக்கிற சார், பிள்ளை காயைத் தப்பா நகர்த்துறதைக் கண்ணால பாத்துக்கிட்டே வாயை மூடி உட்காரணும், அதைவிடச் சித்திரவதை உலகத்துல இல்லம்பாரு. நான் ஹாக்கி. நான் ஆரம்பிச்சா மத்தவங்க டீயைத் தூக்கிக்கிட்டு வேற மேசைக்குப் போயிடுவாங்க.

கயிறு இழுக்கிறதைப் பத்தி மட்டும் ஒருத்தரும் வாயைத் திறந்ததில்ல. அதுல என்ன இருக்கு சொல்லிக்கொடுக்க? கயிறைப் பிடி, இழு, வீட்டுக்குப் போ. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்.

போன சீசன்ல குளுவாங் ஊர்ல நடந்த மேட்சுல ஒரு அம்பயரை நான் நாலு கேள்வி கேட்டுட்டேன். கேட்டதுல தப்பில்ல, இன்னைக்கும் அது கோல்தான். ஆனா நான் கேட்டது பார்க்கிங் வரைக்கும் கேட்டிருக்கு. ஒரு சீசன் முழுக்க ஹாக்கி கோட்டுப்பக்கமே வரக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. எங்க தலைமையாசிரியை கூப்பிட்டு, கோமளா, நீங்க சும்மா உட்கார்ந்தா இந்த ஸ்கூல் தாங்காது, பொம்பளப் பிள்ளைங்க தாரேக் தாலி, அதான் கயிறு இழுக்கிற டீமைப் பாத்துக்குங்கன்னாங்க. மாநிலத்துக்கு ஹாக்கி விளையாடினவளுக்குக் கயிறு! தயானந்தன் சார் சிரிச்ச சிரிப்புல அவர் டீ மூக்கு வழியா வந்துடுச்சு.

முதல் நாள் எட்டுப் பிள்ளைங்களையும் நிறுத்தி, எதிர்ல ஃபார்ம் டூ படிக்கிற சின்னப் பையன்களை நிறுத்தி, இழுங்கடின்னு எங்க ஊர் மாசாய் முழுக்கக் கேக்கிற மாதிரி கத்தினேன். இழுத்தாங்க. அடுத்த நொடி எட்டும் மண்ணுல கிடந்தது. மறுபடி கத்தினேன், மறுபடி மண்ணு. நான் கத்தக் கத்த அவங்க தோத்தாங்க.

அப்புறம்தான் எனக்கு உறைச்சது. இது கையால இழுக்கிறதே இல்ல. உடம்பை அப்படியே பின்னால சாய்ச்சு, குதிகாலை மண்ணுல குத்தி, எட்டு உடம்பும் ஒரே உடம்பா நிக்கணும். ஒருத்தி கண் சிமிட்டுற நேரம் பிந்தினா மத்த ஏழு பேரோட பலமும் வீண். ஹாக்கியில ஒருத்தி சொதப்பினா இன்னொருத்தி ஓடிப்போய் சமாளிச்சிடுவா, நல்லா விளையாடுறவளை வெச்சே ஒரு மேட்சை ஓட்டிடலாம். இங்க நல்லா விளையாடுறவன்னு ஒருத்தி கிடையாது. யாரைத் திட்டுறதுன்னே எனக்குத் தெரியல. சத்தியமா சொல்றேன், தலையால தண்ணி குடிச்சேன்.

கயித்தோட கடைசியில நிக்கிறவ புஷ்பவள்ளி. கடைசி ஆள் மட்டும் கயிறை முதுகைச் சுத்தித் தோள் மேல போட்டுக்கிட்டு நிக்கணும். முன்னால இருக்கிற ஏழு பேரும் சாயறது அவளை நம்பித்தான். நல்ல கனமான பொண்ணு. நெட்பால்ல அவ சைஸுக்கு ஜெர்சி இல்லன்னு திருப்பி அனுப்பினாங்க. ஓட்டத்துல சேர்க்கல. ஸ்போர்ட்ஸ் டே வந்தா மத்தவங்க தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கிட்டுப் பந்தலுக்குள்ள உட்கார்ந்திருப்பா. அவங்க அம்மா பிரேமலா பாசீர் கூடாங்ல ஃபேக்டரி வேலை. ஒவ்வொரு வருஷமும் ஸ்போர்ட்ஸ் டேக்கு வந்து, மகள் பாட்டில் தூக்குறதைப் பாத்துட்டு வீட்டுக்குப் போன அம்மா. இந்த வருஷம் மாவட்டப் போட்டியில மகள் கயிறு பிடிக்கிறான்னதும் யார் யார் காலையோ பிடிச்சு ஷிஃப்டை மாத்திக்கிட்டாங்க. அம்மா வராங்க டீச்சர், அம்மா வராங்கன்னு ஒரு வாரமா புஷ்பவள்ளி வாயில வேற பேச்சே இல்ல.

போட்டி ஸ்கூடாய்ல, ஒரு பெரிய ஸ்கூல் திடல்ல. முந்தின ராத்திரி கொட்டின மழையில புல்லு ஊறிப்போய்க் கிடந்தது. நான் ஹாக்கிக்காரி பாருங்க, மேட்சுக்கு முன்னால பிள்ளைங்க வயிறு நிறையணும் எனக்கு. போற வழியில கடையில இறக்கி ஆளுக்கு ரெண்டு ரொட்டி சானாய், பெரிய கிளாஸ்ல மைலோ. வேணாம் டீச்சர்னவளையும் அதட்டிச் சாப்பிட வெச்சேன்.

திடல்ல இறங்கினதும் தராசைக் காட்டினாங்க. இந்த விளையாட்டுல எட்டுப் பேர் எடையையும் கூட்டிப் பாப்பாங்க, மொத்தம் ஒரு அளவைத் தாண்டக் கூடாது. பயிற்சியில நாங்க எப்பவும் அந்த அளவோட ஓரத்துலதான் நின்னோம். அன்னைக்கு மூணு கிலோ கூட. அவ்வளவும் என் ரொட்டி சானாய்.

பிள்ளைங்களைத் திடலைச் சுத்தி ஓட விட்டேன். டாய்லெட்டுக்கு அனுப்பினேன். சப்பாத்து, ஹேர்பேண்டு எல்லாத்தையும் கழட்டச் சொன்னேன். இன்னும் ரெண்டு கிலோ இறங்க மாட்டேன்னு நிக்குது. பெஞ்சில ஒரே ஒரு மாத்து ஆள்தான் இருந்தா. அவ புஷ்பவள்ளியைவிட மட்டும்தான் லேசு, மத்த எல்லாரையும்விடக் கனம். கணக்குப் போட்டுப் பாத்தா ஒரே வழிதான். புஷ்பவள்ளியை எடுத்துட்டு இவளைப் போடணும். ஹாக்கியில நான் யோசிக்கவே மாட்டேன், ஆளை மாத்திட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்.

சொன்னேன். புஷ்பவள்ளி அழல. சரி டீச்சர்னா. போய்ப் பெஞ்சுக்குப் பக்கத்துல இருந்த தண்ணி பாட்டில்களைப் பொறுக்க ஆரம்பிச்சா. பழகின கை, ஒவ்வொரு விரல் இடுக்குலயும் ஒரு பாட்டில். நேரம் ஓடிக்கிட்டிருந்தது.

கயித்தோட முன் நுனியில நிக்கிறவ சந்திரமதி. டீம்லயே ஒல்லிக்குச்சி, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பொண்ணு. அவ வந்து என் முன்னால நின்னா.

"நான் இறங்கிக்கிறேன் டீச்சர். ஏழு பேரா இழுக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? அங்க எட்டுப் பேர் நிக்கிறாங்க."

"நாங்க பின்னாலதானே சாயறோம் டீச்சர். பின்னால யாருன்னு கண்ணுக்குத் தெரியாது, கயித்துலதான் தெரியும். புஷ்பா இருந்தா எங்களுக்குத் தெரியும். அவ இல்லன்னா சாயறதுக்குப் பயமா இருக்கும். நான் இல்லன்னா ரெண்டு கைதான் குறையும்."

மத்த ஆறு பேரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. ஒருத்தி போய்ப் புஷ்பவள்ளி கையில இருந்த பாட்டிலை ஒவ்வொண்ணா வாங்கிக் கீழே வெச்சா. நான் கத்தலாம்னு வாயைத் திறந்தேன், என்னன்னு கத்துறது? நடுவர்கிட்டப் போய்க் கேட்டேன். ஏழு பேரா இழுக்கச் சட்டத்துல தடையில்ல, ஆனா ஏன் அம்மா உங்களுக்கு இந்த வேலைங்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பாத்தாரு.

பிரேமலா இன்னும் வரல. புஷ்பவள்ளி கயிறைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல் பக்கமே பாத்துக்கிட்டிருந்தா. அதுக்குள்ள எங்க முறை வந்துடுச்சு.

எதிர் டீம் நல்ல டீம், எட்டும் ஒரே உயரம். மூணு இழுப்புல ரெண்டு ஜெயிக்கணும். முதல் இழுப்பு, விசில் ஊதினதுதான் தெரியும், எங்க ஏழும் முன்னால சரிஞ்சு போயாச்சு. பின்னால யாரோ சிரிச்சாங்க. திரும்பி யாருன்னு பாத்து வெச்சுக்கிட்டேன்.

ரெண்டாவது இழுப்பு. அதை எப்படிச் சொல்றதுன்னே இன்னைக்கும் எனக்குத் தெரியல. விசில் ஊதினாங்க, ஏழு பேரும் சாஞ்சாங்க, கயிறு நின்னுடுச்சு. நடுவுல கட்டின வெள்ளைத் துணி காத்துல ஆடக்கூட இல்ல. எட்டுப் பேர் அந்தப் பக்கம் மூச்சைப் பிடிச்சு இழுக்கிறாங்க, இந்தப் பக்கம் ஏழு பிள்ளைங்க, ஒருத்தியும் ஒருத்தியைப் பாக்கல, ஒருத்தியும் ஒரு சத்தம் போடல. ஏழு பேருக்கும் மூச்சு ஒண்ணா ஏறுது, ஒண்ணா இறங்குது. நான் அவங்களுக்கு அப்படி மூச்சு விடச் சொல்லிக்கொடுத்ததே இல்ல. எங்கிருந்து வந்தது அது? பின்னால சிரிச்ச ஆளும் வாயை மூடிட்டான்.

கத்த வேண்டிய இடம் அதுதான். இருபது வருஷமா கத்தின தொண்டை இது. ஒரு வார்த்தை வரல. பக்கத்துல ஏதோ அசைஞ்சதுன்னு திரும்பினா, சந்திரமதி. கோட்டுக்கு வெளியே நின்னு கண்ணை மூடி, ரெண்டு கையையும் வெறுங்காத்துல இறுக்கி, குதிகாலை மண்ணுல குத்தி, அவங்க சாயற அதே சாய்வுல சாஞ்சுக்கிட்டிருந்தா. அவ மூச்சும் அவங்களோடதான் போய் வந்துக்கிட்டிருந்தது.

எதிர்ப்பக்கம் யாரோ ஒருத்தி ஒரு மூச்சு தவறவிட்டிருக்கணும். எங்க ஏழும் அதைக் கயித்துலயே தெரிஞ்சுக்கிட்டாங்க. ஒரு அடி பின்னால வெச்சாங்க, அப்புறம் இன்னொரு அடி. வெள்ளைத் துணி மெல்ல எங்க பக்கம் வந்து கோட்டைத் தாண்டுச்சு. ஜெயிச்சதுக்கு நான் கைகூடத் தட்டல.

மூணாவதுல தோத்துட்டோம். மறைக்க என்ன இருக்கு, எட்டு எட்டுதான், ஏழு ஏழுதான். ஆனா சும்மா தோக்கல. ரெண்டாவதைவிட ரொம்ப நேரம் நின்னுச்சு கயிறு. அப்புறம் அங்குலம் அங்குலமா போச்சு. முன்னால ஒவ்வொருத்தியா முட்டி மடங்குது, புஷ்பவள்ளி மட்டும் மடங்கல. நின்ன நிலையிலயே இழுபட்டுப் போறா, குதிகால் மண்ணை உழுதுக்கிட்டே போகுது. விசில் ஊதின பிறகும் அவ சாஞ்சபடியே இருந்தா. நான் போய், போதும்மா, முடிஞ்சிருச்சும்மான்னு சொல்லிக் கயிறை அவ தோள்ல இருந்து எடுத்துவிட்டேன்.

திடல்ல பந்தலைப் பிரிக்க ஆரம்பிச்ச நேரத்துக்குத்தான் பிரேமலா வந்து சேர்ந்தாங்க. ஃபேக்டரி யூனிஃபார்ம், ஃபேக்டரி பூட்ஸ், தலையில ஹெல்மெட் அப்படியே. மாத்திவிட வேண்டிய ஆள் லேட்டா வந்திருக்காங்க, அதுக்கு மேல ஸ்கூடாய் ரோட்டுல டிராஃபிக் ஜாம். பிள்ளைங்க பஸ்ஸுல ரொட்டி சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. பிரேமலா பஸ் பக்கம் போகல, நேரா எங்கிட்ட வந்தாங்க. பெஞ்சையும் அதுக்குப் பக்கத்துல கிடந்த தண்ணி பாட்டில்களையும் ஒரு தடவை பாத்தாங்க.

"இழுத்தாளா டீச்சர்? இல்ல, உக்காந்துதான் இருந்தாளா?"

கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினேன். ஈர மண்ணுல ரெண்டு பள்ளம், கலப்பை ஓடின மாதிரி, எங்க கோட்டுல இருந்து நடுக்கோடு வரைக்கும் விடாம ஓடியிருந்தது.

அந்த அம்மா ஒரு பூட்ஸ் காலை அதுல வெச்சாங்க. கணுக்கால் வரைக்கும் உள்ள போச்சு.

"இது என் மக காலா?"

ஆமாம்னு தலையை ஆட்டினேன். அவங்க இன்னொரு காலையும் எடுத்து அடுத்த பள்ளத்துல வெச்சாங்க. ரெண்டு கையையும் முன்னால நீட்டி இறுக்கிக்கிட்டு லேசா பின்னால சாஞ்சு பாத்தாங்க. அதைப் பஸ்ஸுல இருந்து பாத்துட்ட புஷ்பவள்ளி, வாயில ரொட்டியோட ஓடிவந்தா. வழுக்கும்மா, விழுந்துடுவன்னு சொல்லிக்கிட்டே பின்னால போய் நின்னா.

அவங்க திரும்பிப் பாக்கல. இன்னும் கொஞ்சம் சாஞ்சாங்க.