மணிகண்டன் விழுந்த இடத்துப் புல்

வளைகுடாவில், முசஃபாவில் கம்பி கட்டிக்கொண்டிருந்த மணிகண்டன் வெயிலில் சுருண்டு செத்த காங்கிரீட் தரையில், மூன்றாம் நாள், ஓர் ஆள் படுத்திருக்கிற அளவுக்குப் புல் முளைத்தது. ஐந்தடி ஆறங்குலம். போர்மேன் வெட்டச் சொன்னார், வெட்டினார்கள். மறுநாள் டூட்டிக்கு வந்தால் அதே நீளம், இடது கையை மடித்துப் படுத்த அதே வளைவு. கோடையில் வெளிவேலையை நிறுத்தச் சொல்லிச் சட்டம் இருக்கிற நேரம், தினம் பகல் பன்னிரண்டரைக்கு, அது வியர்த்தது. தொட்டு நக்கியவர்கள் உப்பு என்றார்கள்.

கம்பெனிக்காரன் செய்ததைக் கேளுங்கள். பிணத்தை வேனில் ஏற்றித் தொழிலாளர் கேம்ப் கட்டிலில் கிடத்தி, தூக்கத்தில் போய்விட்டான் என்று எழுதினான், ஈவிரக்கமில்லாத பயல். ஊரில் மனைவி ஜோதிமணிக்கும் அப்படித்தான் காகிதம் போனது. அதற்கு வசதி செய்து கொடுத்தவன் ரூம்மேட் ரகுநாதன். காய்ச்சலில் கிடந்தான். இன்னொரு நாள் வராவிட்டால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். அன்று வார லீவில் இருந்த மணிகண்டன் அவன் கார்டைக் கேட்டில் காட்டி உள்ளே போனான். கேம்ப்பில் எல்லாரும் செய்கிற உதவிதான். கார்டுப்படி வெயிலில் நின்றது ரகுநாதன், ரூமில் படுத்திருந்தது மணிகண்டன்.

ஷார்ஜாவிலிருந்து தாவர ஆராய்ச்சி செய்யும் இஃப்பத் மேடம் வந்தார். ஆப்பிரிக்க மலைப்புல் ஒன்றுக்குத் தூரத்துச் சொந்தம், ஆனாலும் உலகத்தில் யாரும் இதுவரை எழுதாத புது இனம் என்றார். கதிரை எண்ணினார், தாளில் வைத்து அழுத்தினார். எங்கே, எப்படி முளைத்தது என்று சீட்டு ஒட்டினால்தான் புது இனமாக ஏற்பார்களாம். லாரி மணலோடு வந்த விதை என்று எழுதச் சொன்னார் மேனேஜர். எழுதியதும் புல் வியர்த்து மை ஓடியது. ஏழு சீட்டும் அப்படியே போயின.

ரகுநாதனுக்குக் கோபம், பாதி கம்பெனி மேல், பாதி தன் மேல். வாயைத் திறந்தால் விசா காலி. தெரிந்த இந்தியில் சொன்னான்:

"எழுதுங்க மேடம். என் கார்டுல வந்தவன் மணிகண்டன். உச்சி வெயில்ல நிக்க வச்சாங்க. இங்கதான் விழுந்தான்."

எட்டாவது சீட்டில் மை காய்ந்தது. பத்தே நாளில் ரகுநாதனை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். ஒன்றரை வருஷம் கழித்து அச்சான கட்டுரையை அவன் ஜோதிமணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் புருஷன் பெயரை விரலால் தொட்டாள்.

"தூக்கத்துல போகலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீ ஏண்டா இத்தனை நாள் வாய மூடிட்டிருந்த?"

அவள் கதவைச் சாத்தினாள்.

போன ஜூலையில் அதே கம்பெனியின் வேறொரு சைட்டில் இன்னொரு திட்டு முளைத்தது. குள்ளமான ஆள். இஃப்பத் மேடம் கதிரை எண்ணவில்லை. செத்தவன் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டே காரிலிருந்து இறங்கினார்.