தக்காளி விட்ட தண்ணீர்

"வீட்ல சமையல் யாரு?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

அதைக் கேட்பதற்கு முன் அவர் அம்மாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்து, அங்கே விழுந்த குழி நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். குழி அப்படியே இருந்தது. நானும் அதையே பார்த்தபடி, "நான்தான்" என்றேன். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். அம்மா மட்டும் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள்.

உப்பு உள்ளே போகிறது என்றார் டாக்டர். மாத்திரை ஒரு பக்கம் தண்ணீரை வெளியே தள்ளுகிறது, உப்பு மறுபக்கம் அதை உள்ளே பிடித்து வைக்கிறது, நடுவில் மாட்டிக்கொண்டு இதயம் திணறுகிறது என்றார். அடுத்த திங்கள்கிழமையும் கால் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான். போன முறை பத்தொன்பது நாள் இருந்துவிட்டு வந்த அம்மா, இன்னொரு தடவை அங்கே போனால் திரும்பி வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அம்மா சும்மா சொல்கிறவள் இல்லை. நான் அதை நம்பினேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஏற்றி இறக்குகிறவர் வீட்டுக்கு அறுபத்திரண்டு படி என்று அத்தை கேலி செய்வாள். அன்று அம்மாவைத் தாங்கிப் பிடித்து ஏற்றிவிட்டு, அப்பா என்னைப் படியிலேயே நிறுத்தினார்.

"பாப்பா, கை தவறி ஒரு சிட்டிகை போட்டிருந்தாலும் சொல்லிடு. அப்பா திட்டமாட்டேன்."

நான் போடவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பியதற்கான ஆட்டல் இல்லை அது. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அம்மா மயங்கி விழுந்த வருஷம், ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதிலிருந்து அடுப்படி என் கையில். கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிராத இடம் என்று அதை நினைத்திருந்தேன். அதுவும் போயிற்று.

அது கடும் வெயில் காலம். பகலில் அடுப்பைப் பற்ற வைத்தாலே வீடு கொதித்தது. உப்பில்லாமல் எதைச் சமைத்துக் கொடுத்தாலும் அம்மா இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுத்தாளில் கடைசியாக ஒரு சாலட் இருந்தது. தக்காளியும் மொசரெல்லா சீஸும். அடுப்பே வேண்டாம். அதை மட்டும்தான் அம்மா முகம் சுளிக்காமல் கடைசித் துண்டுவரை சாப்பிட்டாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

தினமும் பதினொரு மணிக்குக் கடைக்குப் போவேன். தண்ணீரில் மிதக்கும் மொசரெல்லாவில் சின்ன உருண்டையாக ஒன்று, அழுத்தினால் லேசாக அமுங்கும் தக்காளி இரண்டு. போய் வர முக்கால் மணி நேரம். வந்ததும் சீஸ் மிதந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதில் இருக்கிற கொஞ்ச உப்பும் இறங்கட்டும் என்று புதுத் தண்ணீரில் ஊறப் போடுவேன். தக்காளியை ரொட்டி வெட்டும் பல்லுக் கத்தியால் குறுக்கே அறுப்பேன். மற்றக் கத்தி தோலை நசுக்கிவிடும். சீஸைத் துணியில் ஒற்றி எடுத்து அதே கனத்துக்கு வெட்டி, தக்காளி ஒன்று, சீஸ் ஒன்று என்று ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வட்டமாக அடுக்குவேன். சமையலறை ஜன்னலில் பழைய டப்பாவில் பேசில் செடி இருந்தது. வாசனையில் துளசிக்குத் தங்கை முறை. அதில் நாலு இலையைக் கையால் கிள்ளித் தூவி, ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய், இரண்டு சொட்டு எலுமிச்சை, மிளகு. உப்பு இல்லை.

பன்னிரண்டே காலுக்குத் தட்டை அம்மாவின் கட்டிலருகே வைப்பேன். பன்னிரண்டரைக்கு அத்தை வருவாள். அப்பாவின் தங்கை. எதிர்த் தெருவில் தையல்கடை வைத்திருக்கிறாள். கடையைச் சாத்திவிட்டு, கழுத்தில் இஞ்ச் டேப்பும் தோளில் துணிப்பையுமாக மூச்சு வாங்க ஏறி வந்து, அம்மாவோடு அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவாள். என் பெயரே அவளுக்கு மறந்து போயிருக்கும். எப்போதும் ஊமைக்கோட்டான்தான்.

அந்தத் தட்டை முதல் முறை பார்த்த அன்றே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க? அண்ணி, உங்க பொண்ணு உங்களுக்குச் சோறு போடலை, படம் வரைஞ்சு காட்டறா."

அம்மா சிரித்தாள். மொசரெல்லா என்ற பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, பல் போனவன் வைத்த பேராக இருக்கும் என்றாள் அத்தை. அதற்கும் அம்மா சிரித்தாள். என்னிடம் அம்மா அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

டாக்டரிடம் போய் வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, நான் தட்டைக் கழுவ எடுத்தபோது அடியில் சிவப்பாகத் தண்ணீர் நின்றது. முன்பும் நின்றிருக்கும். நான் பார்த்ததில்லை. நான் வைத்தபோது தட்டில் எண்ணெய் பளபளப்பு மட்டும்தான் இருந்தது. தக்காளி கனிந்துவிட்டதோ என்று நினைத்தேன். மனசு ஒப்பவில்லை. மீதியிருந்த தக்காளியை இரண்டு சாஸரில் வைத்து, ஒன்றில் மட்டும் உப்பைத் தூவிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் உப்புப் போட்டது வியர்த்தது. கால் மணியில் சாஸரில் குளம் கட்டியது. மற்றது அப்படியே கிடந்தது.

ஆக, யாரோ போடுகிறார்கள்.

அப்பா காலை ஏழுக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவார். தட்டை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைவரை போவாள், அவ்வளவுதான். அத்தையிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று இருந்தது. அத்தை வந்து உட்கார்ந்ததும்தான் நான் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போவேன். இறங்கி வரும்போது தட்டு காலியாக இருக்கும், தண்ணீர் நிற்கும்.

அப்பாவின் காலை முட்டைக்காக வீட்டில் ஒரு ஜாடி உப்பு இருந்தது. அதை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து, உப்பு நிற்கும் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். வியாழக்கிழமை பார்த்தபோது கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கியிருந்தது. முட்டைக்குப் போடும் சிட்டிகைக்கு ஒரு விரல் இறங்காது.

அன்று அத்தை என்ன பேசினாலும் எனக்கு வேறு மாதிரி கேட்டது. அண்ணிக்கு முகத்தில் தெளிச்சி வந்திருக்கிறது என்றாள். எப்படி வந்தது என்று நினைத்தேன். வாய்க்கு ருசி இருந்தால்தான் உயிருக்கு ஒட்டுதல் இருக்கும் என்றாள். சரிதான் என்று நினைத்தேன். அம்மா ஜன்னலோரம் இருந்த பவுடர் டப்பாவை எடுத்துத் தலையணைப் பக்கம் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே, வேர்க்கிறது, கைக்கு எட்டுகிற இடத்தில் வை என்று அவள் கேட்டு வாங்கிய டப்பா. நான் அத்தையின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அத்தை முகம் கழுவப் போன நேரம், அவள் பையைத் திறந்தேன். நூல்கண்டு, ஊசிப்பெட்டி, யாருடையதோ ஒரு சட்டைக் காலர். அடியில் வட்டமான சின்னத் தகர டப்பா. உள்ளே வெள்ளைப் பொடி. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துணியில் கோடு போடும் சுண்ணாம்பு.

ஜிப்பை மூடுவதற்குள் அத்தை வந்துவிட்டாள். பையைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள்.

"உதட்டைத் துடை" என்றாள்.

அவ்வளவுதான். ஒன்று கிடைத்தால் ஒன்பது கேலி செய்கிறவள், அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். இரவு அப்பாவிடமும் சொன்னேன். அவ உன் அம்மாவை ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாளும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவள் என்றார் அப்பா. அது எனக்குப் பதிலாகப் படவில்லை.

திங்கள்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். காலையில் அம்மாவின் காலை நானே அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது.

சனிக்கிழமை துணி துவைக்கவில்லை. பன்னிரண்டே காலுக்குத் தட்டை வைத்துவிட்டுச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தேன். அங்கிருந்து வாசல் கதவு தெரியும், கட்டில் தெரியாது. அத்தை வந்து, உட்கார்ந்து, பையைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். அன்று பார்த்து அவள் வரவில்லை. ஒரு மணிக்குத்தான் பூட்டில் சாவி திரும்பியது. தைத்த கவுன் இறுக்குகிறதென்று ஒருத்தி வந்து சண்டை போட்டாளாம், தின்பதைக் குறைக்காமல் என் தையலைக் குறை சொல்கிறாள் என்று பேசிக்கொண்டே நேராக அம்மாவின் அறைக்குப் போனாள்.

நான் காத்திருக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. அவள் பின்னாலேயே போய்விட்டேன்.

"அத்தை, அம்மாவுக்கு உப்பு குடுக்கறீங்களா?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அத்தை பாதி அறையில் நின்று திரும்பினாள். பை இன்னும் தோளில் இருந்தது.

"யாரு, நானா?"

"தினமும் தட்டுல தண்ணி நிக்குது. உப்பு போட்டாத்தான் தக்காளி தண்ணி விடும். நான் வச்சுப் பார்த்தேன். ஜாடியிலயும் குறைஞ்சிருக்கு. திங்கக்கிழமை கால் வத்தலைன்னா அம்மாவைச் சேர்த்துடுவாங்க. உங்களுக்கு அது தெரியும்."

சொல்லிக்கொண்டே தட்டைக் காட்டக் கையை நீட்டினேன். அப்போதுதான் நானும் தட்டைப் பார்த்தேன். இரண்டு தக்காளித் துண்டு மிச்சமிருந்தது. அவற்றைச் சுற்றிச் சிவப்புத் தண்ணீர் நின்றது. விளிம்பில் வெள்ளையாக நாலைந்து மணிகள் இன்னும் கரையாமல் இருந்தன.

அத்தை வந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டிலை அவள் நெருங்கவே இல்லை.

நீட்டிய கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கழிப்பறைக்கு அடுத்த கதவு சமையலறை என்பதும், நான் சீஸ் வாங்கப் போய் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்பதும் ஒன்றாக ஞாபகம் வந்தன. அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, நாட்காட்டியைப் பார்த்தது போலவே ஜன்னலைப் பார்த்தாள்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றாள் மெதுவாக. "அவதான் கேக்கலை."

அத்தை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. இப்போது ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் அம்மாவையே பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அளவு தப்பிய துணியைப் பார்ப்பது போல, எங்கே பிரிப்பது என்று பார்த்தாள்.

பிறகு கட்டிலருகே போனாள். விரிப்பில் அம்மாவின் கைப்பக்கம் சிந்தியிருந்த வெள்ளை மணிகளை, தைத்து முடித்த உடுப்பில் நூல் பிசிறைத் தட்டுவது போல உள்ளங்கையால் இரண்டு முறை தட்டிவிட்டாள். நான் பார்க்கக்கூடாது என்று எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் பார்த்துவிட்டேன். தலையணைப் பக்கமிருந்த பவுடர் டப்பாவை எடுத்துக் காதருகே வைத்து ஒரு முறை ஆட்டினாள். பவுடர் சத்தம் போடாது. டப்பா சரசரத்தது. அம்மாவின் கை பாதிவரை எழுந்து, திரும்ப விரிப்பில் இறங்கியது.

அத்தை டப்பாவைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். சமையலறைக்குள் போகும் சத்தமும் ஒவ்வொரு டப்பாவாக நகர்ந்து கடைசியில் மாவு டப்பா நகரும் சத்தமும் கேட்டன. வெளியே வந்தபோது பை கனத்திருந்தது.

கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அத்தை என்ற ஒரு சொல்தான். எத்தனையோ தடவை கூப்பிட்டதுதான். நாக்கில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிட்டது.

தினமும் போகும்போது, ஊமைக்கோட்டான், கதவைத் தாழ் போடு என்று படியிலிருந்து கத்துவாள். இன்று வாசலில் நின்று, தன் சாவிக் கொத்திலிருந்து எங்கள் வீட்டுச் சாவியை மட்டும் நகத்தால் நெம்பிக் கழற்றி, செருப்பு ஸ்டாண்டின்மேல் சத்தமில்லாமல் வைத்தாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.