செவ்வந்தியின் பன்னிரண்டு வோல்ட்

செவ்வந்திக்குக் கோபம் வந்தால் உடம்பில் பன்னிரண்டு வோல்ட் வரும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையோரம், ஜீப்புகளுக்கு எல்இடி பட்டை விளக்கு ஒட்டிக் கொடுக்கும் கடை அவளுடையது. மீட்டரின் இரண்டு முனைகளையும் கையில் பிடித்தபடியே, வேலையில் நொட்டை சொன்ன டிரைவர் ஒருவரைத் திட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. வேறு மீட்டர் வைத்தும் பார்த்தாள். அதுவும் பன்னிரண்டே காட்டியது. அதன்பின் பேட்டரி கைவசம் இல்லாத நாட்களில் காசிநாதனை நினைத்துக்கொண்டு ஒயரைத் தொடுவாள். விளக்கு பளிச்சென்று எரியும்.

காசிநாதன் அம்மன் கோயில் கமிட்டித் தலைவர். ஆடி ஊர்வலம் வருஷா வருஷம் செவ்வந்தியின் காலனித் தெருமுனை வரை வந்து திரும்பிவிடும். ஜெனரேட்டர் வண்டி உள்ளே நுழையாதாம், இருட்டில் சாமி தூக்குகிறவர்கள் தடுக்கி விழுவார்களாம். "வெளிச்சம் இருந்தா வரமாட்டோம்னா சொல்றோம்?" என்று இந்த ஆண்டும் கேட்டார். "வெளிச்சம் நான் போடறேங்க. சாமி கடேசி வூடு வரைக்கும் வரணும்" என்றாள் செவ்வந்தி. தெரு நெடுகப் பட்டை விளக்கு ஒட்டினாள். ஜீப்புக்கு ஒட்டியே பழகிய கை. இவ்வளவு நீளம் ஓடினால் பன்னிரண்டு வோல்ட் களைத்துப்போகும் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

பொழுது சாய்ந்து ஊர்வலம் வந்தது. தெருமுனையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு காசிநாதனை ஒரு பார்வை பார்த்தாள். விளக்குகள் எரிந்தன, வேறு வழியில்லாமல் பல்லக்கு உள்ளே நுழைந்தது. பாதித் தெரு தாண்டியதும் வெளிச்சம் மங்கி, கடைசி வீட்டுப் பக்கம் கும்மிருட்டாக இருந்தது. "அவ்ளோதான், திருப்புங்கப்பா" என்றார் காசிநாதன். 

அந்தக் கடைசி வீட்டுக்காரி ராஜாம்பாள் கரும்பு வெட்டப் போகிறவள். யார் என்ன செய்தாலும் "போவட்டும் வுடு" என்பதைத் தவிர வாய் திறந்து ஒன்றும் சொல்லாதவள். அவள் இறங்கி வந்து, அந்த முனையில் தொங்கிய ஒயர்களைப் பிடித்தாள். ஒன்றும் எரியவில்லை. நாலு பேர் சிரித்தார்கள். "அக்கா, செகப்பும் கறுப்பும் மாறிகினு கீது! கைய மாத்திப் புடி!" என்று கத்தினாள் செவ்வந்தி. ராஜாம்பாள் கையை மாற்றினாள். பல்லக்குத் தூக்கியவர்களின் மீசை நரை தெரியும் அளவுக்குத் தெரு வெளுத்துவிட்டது.

அம்மன் அவள் வாசலுக்கு வந்து, கற்பூரமும் காட்டியாயிற்று. "சரிம்மா, கெளம்புறோம்" என்றார் காசிநாதன்.

"இன்னா அவசரம்? இருட்டுல சாமி தூக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்கினு இருந்தீங்க?" என்ற ராஜாம்பாள், ஒயரைக் கீழே போட்டாள். தெருமுனையில் செவ்வந்தியும் போட்டாள்.

அம்மன் விடியும்வரை கடைசி வீட்டு வாசலில்தான் இருந்தாள். காலையில் ராஜாம்பாள் எல்லோருக்கும் காபி கொடுத்தாள். காசிநாதன் வாங்கிக் குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் கம்மி என்றார்.