ஒன்பது கஜக் கயிறு

பம்பாய் மாட்டுங்காவில் வைத்தீஸ்வரன் குடியிருந்த மூன்றாம் மாடி வீடு கடல் மட்டத்திலிருந்து இருபத்து மூவாயிரம் அடி உயரத்துக்குப் போன வருடம், கிங்ஸ் சர்க்கிள் கடைகளில் வெங்காயம் கிலோ எழுபது ரூபாய்க்கு விற்றது. தெருவில் நின்று பார்த்தால் வித்தியாசம் ஒன்றும் தெரியாது. பழைய மஞ்சள் கட்டடம், மூன்று மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடியைத் தாண்டிப் படியேறுகிறவர்களுக்குத்தான் விஷயம் புரியும். ஏற ஏறப் படி முடியாது, காது அடைக்கும், கைப்பிடிக் கம்பி விரலில் ஒட்டிக்கொள்ளும்.

காரணம் ஒரு புத்தகம். தாராவியிலிருந்து வந்து கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் உதுமானிடம் வைத்தீஸ்வரன் அதை வாங்கினார். கடைசிப் பக்கங்கள் கிழிந்து போயிருக்கின்றன என்று உதுமான் முதலிலேயே சொல்லி, அதற்காகப் பாதி விலைதான் வாங்கினான். தலையணை கனத்துக்கு ஒரு மர்ம நாவல். நூறு வருடத்துக்கு முன்னால், ஆணி அடித்த பூட்ஸும் கம்பளிக் கோட்டும் போட்டுக்கொண்டு இமயமலைச் சிகரம் ஒன்றில் ஏறப் போன வெள்ளைக்காரர்களின் கதை. உச்சியைத் தொட்டவன் தான் ஒருவன் மட்டுமே என்று பெயர் வாங்க நினைத்த ஒரு துரை, கூட வந்தவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக் கட்டுகிறான். அதைப் பார்த்துவிட்டவன் ஒரு சுமைகூலி. புத்தகம் நெடுக அவனுக்குப் பெயரே கிடையாது. ‘கூலி’ என்றுதான் எழுதியிருந்தது. கடைசியில் துரை அவன் இடுப்புக் கயிற்றை அறுத்துவிடுகிறான். கூலி கீழே ஒரு பனித் திட்டில் விழுந்து கிடக்கிறான், உயிர் இருக்கிறது. அந்த இடத்தோடு புத்தகம் கிழிந்திருந்தது.

படிக்கப் படிக்க வீடு ஏறியது. மலையடிவாரத்துக் கூடாரங்கள் வந்த அத்தியாயத்தில் துவரம்பருப்பு வேகவில்லை. குக்கருக்கு கேஸ்கெட் போய்விட்டது என்று வைத்தீஸ்வரன் புதிது வாங்கிப் போட்டார். பனிப்பாறைகள் வந்தபோது குழாயில் தண்ணீர் உறைந்தது. சந்தியாவந்தனத்துக்குப் பஞ்சபாத்திரத்தில் வைத்த ஜலத்தை விளக்கில் காட்டி உருக்க வேண்டியிருந்தது. புத்தகம் முடிந்த இடத்தில், இல்லை, நின்ற இடத்தில், வீடும் நின்றது.

கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செம்பூரிலிருந்து ஞாயிறுதோறும் வந்து கொண்டிருந்த தங்கை பிள்ளை நிகில், ஒரு தடவை படியில் மூக்கில் ரத்தம் வந்து திரும்பினான். அதற்குப் பிறகு கீழே நின்று போன் செய்தான். புத்தகத்தைப் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டு செம்பூருக்கு வந்துவிடும்படி சொன்னான். அதுவும் கொஞ்ச நாளில் குறைந்தது. முதல் மாடி வாலாம்பாள் மாமிதான் கட்டடத்துச் சொசைட்டிக்கு செக்ரட்டரி. அவள் கூட்டம் போட்டு, மேலே பனி பெய்வதால் கீழே ஒழுகாமல் பார்த்துக்கொள்வது அந்த வீட்டுக்காரர் பொறுப்பு என்று தீர்மானம் எழுதினாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. வைத்தீஸ்வரன் பால்கனியிலிருந்து கயிற்றில் இறக்கும் கூடையில் பாலும் காய்கறியும் வைத்தார்கள். காலையில் இறக்கிய கூடை சாயங்காலம் மேலே வந்து சேரும், பால் கட்டியாக இருக்கும். ஆள் மட்டும் வரவில்லை. பழகிவிட்டது அவர்களுக்கு.

அவருக்குப் பழகவில்லை. இறங்கிப் போவது சுலபம், ஒரு தடவை இறங்கினால் திரும்பி ஏற நெஞ்சு தாங்காது என்பதும் அவருக்குத் தெரியும். போயிருக்கலாம்தான். ஆனால் மேலே ஒருத்தன் கிடக்கிறான். கிழிந்த பக்கங்களில் அவன் செத்தானா பிழைத்தானா என்று யாரும் சொல்லவில்லை. செத்ததாக எழுத்து இல்லாத வரைக்கும் உயிரோடு இருப்பதாகத்தானே அர்த்தம் என்று வைத்தீஸ்வரன் யோசித்தார். நாம் இந்த வீட்டை விட்டுப் போனால் வீடு கீழே இறங்கிவிடும், அவன் இறங்கி வர வழியில்லாமல் போய்விடும் என்று பட்டது. அதனால் தினமும் அந்தி வேளையில் சுவாமி விளக்கை எடுத்துப் போய் மொட்டை மாடிக் கதவின் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். காபி போடும்போது இரண்டு டம்ளர் போட்டார். ஒன்று ஆறி, உறைந்து, மறுநாள் கழுவப்பட்டது. இப்படி இரண்டு தீபாவளி போயிற்று. இரண்டாவது தீபாவளிக்குக் கூடையில் பட்சணம் வந்தது. யார் அனுப்பியது என்று கேட்க ஆள் இல்லாமல், பட்சணத்துக்கே நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் உதுமான் ஏறி வந்தான். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு ஏற ஆரம்பித்தவன் வாசலில் வந்து உட்கார்ந்தபோது சாயங்காலத் தொழுகை, அஸர் நேரம். மீசையில் பனி. கையில் மாஹிம் அல்வாப் பெட்டி, பலகை மாதிரி விறைத்திருந்தது. பேச மூச்சு வர வெகு நேரம் ஆயிற்று.

“ரெண்டு தீபாவளி போயிட்டு, சாரைக் காணலியே. புத்தகம் பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்திருக்கலாம்லா?”

“பிடிச்சுப்போனதுதான்ப்பா கஷ்டமாயிடுத்து,” என்றார் வைத்தீஸ்வரன். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அது. அந்த மாதத்திலேயே முதலாகவும் இருக்கலாம்.

இரண்டாவது டம்ளரை உதுமானுக்குக் கொடுத்தார். அவன் அதை வாயருகே கொண்டு போனபோது மொட்டை மாடிக் கதவை யாரோ பிறாண்டும் சத்தம் கேட்டது. திறந்தார்கள். நெஞ்சளவு பனியில் ஒருவன் தவழ்ந்து கிடந்தான். சாக்கும் கம்பளியும் சுற்றிய கால், வெடித்த உதடு, இடுப்பில் கத்தியால் அறுத்த கயிற்று நுனி. உதுமான் குடிக்காத டம்ளரை அப்படியே அவன் வாயில் வைத்தான். அவன் ஒரு மிடறு குடித்துவிட்டு, விளக்கு தெரிந்தது, அதைப் பார்த்து வந்தேன் என்று இந்தியில் சொன்னான்.

கால் இரண்டும் மரக்கட்டையாக விறைத்திருந்தது. அந்த உயரத்தில் இன்னொரு ராத்திரி அவன் தாங்கமாட்டான் என்பது தெரிந்தது. எழுபதைத் தாண்டிய ஒருவரும் மூச்சு வாங்கும் ஒருவனுமாக அவனைத் தூக்கி இறங்க முடியாது. வைத்தீஸ்வரன் போனை எடுத்தார். இவ்வளவு காலம் யாரையும் ஏறி வரச் சொல்லி அவர் கேட்டதில்லை. கேட்டு, வரவில்லை என்றால் அப்புறம் இந்த வீட்டில் இருக்க முடியாது என்கிற பயம். எண்ணை அழுத்தினார்.

“மாமி, இங்க ஒரு பையன் இருக்கான். இறக்கணும். கொஞ்சம் வரேளா?”

 “கயிறு இருக்கா?” என்று கேட்டாள் வாலாம்பாள்.

கயிறு இல்லை, கூடைக் கயிறு அவன் கனத்தைத் தாங்காது. வாலாம்பாள் பீரோவைத் திறந்து தன் ஒன்பது கஜப் புடவைகளை எடுத்தாள். கல்யாணப் புடவையையும் விடவில்லை. வீடு வீடாகத் தட்டி மற்ற மாமிகளின் மடிசார்ப் புடவைகளையும் வாங்கினாள். தலைப்போடு தலைப்பு முடிந்து, இரண்டாம் மாடிக் கம்பியில் ஒரு நுனியைக் கட்டி, கட்டடத்து ஆட்கள் ஒவ்வொருவராக இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். முன்னால் வாலாம்பாள். “யாராவது முடிச்சை அவுத்தேளோ, மெயின்டனன்ஸ் டபுள்!” என்று அவள் கத்தியது மேலே வரை கேட்டது. பட்டும் பருத்தியுமாக அந்தக் கயிறு இருபத்து மூவாயிரம் அடிக்கும் போதுமானதாக இருந்தது. அதைப் பற்றி யாரும் அப்போது யோசிக்கவில்லை. நடுராத்திரிக்கு முன்னால் அவனைக் கீழே கொண்டு வந்துவிட்டார்கள்.

டாக்ஸியில் ஏற்றும்போது ஆஸ்பத்திரியில் கேட்பார்களே என்று வாலாம்பாள் அவன் பெயரைக் கேட்டாள். நீமா, என்றான். அத்தனை பெரிய புத்தகத்தில் ஒருவரும் அதை அவனிடம் கேட்டிருக்கவில்லை. வைத்தீஸ்வரன் அந்தப் பெயரைத் தனக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கால் விரல்கள் சில போயின. தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் உதுமானின் மச்சான் நசீர், போன விரல்களின் இடத்தில் பஞ்சு வைத்து அவனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் தைத்துக் கொடுத்தான். இப்போது நீமா அதே பட்டறையில் பெல்ட் வெட்டுகிறான். சாயங்காலம் திரும்பி வருவது வைத்தீஸ்வரன் வீட்டுக்கு. வீடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மூன்றாம் மாடிக்கே வந்துவிட்டது. நிகில் ஞாயிறுதோறும் வருகிறான், பருப்புக்கு மட்டும் ஒரு விசில் அதிகம் வேண்டியிருக்கிறது. மொட்டை மாடிக் கதவுக்கு அப்பால் மே மாதத்திலும் பனி கிடக்கிறது. புடவைகளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவை படிக் கம்பியிலேயே சுற்றிக் கிடக்கின்றன.

அந்தியில் விளக்கை மேலே கொண்டு போய் வைப்பது இப்போது நீமாவின் வேலை. பக்கத்தில் ஒரு டம்ளர் காபியும் வைக்கிறான். அது யாருக்கு என்று வாலாம்பாள் ஒரு நாள் கேட்டாள். துரை இன்னும் இறங்கி வரவில்லையே, என்றான்.

“உன் கயித்தை அறுத்தவனுக்கா காபி?”

ஒரு வருடத்தில் கற்றுக்கொண்ட தமிழில் நீமா சொன்னான்: “மேல ரொம்பக் குளிரும், மாமி.”

 மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்கு வாலாம்பாள் கணக்கில் ஒரு பாக்கெட் பால் கூடுதலாக வருகிறது.